அணைக்காத லேப்டாப்

வித்யா,

இந்தக் கடிதத்தைப் புது லேப்டாப்பின் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்தவுடன் உன் கையில் கிடைக்கும். பிறகு, இத்தனை தாள்களின் தடிமனால் திரையில் அழுத்தம் விழுமோ என்று சந்தேகம் வந்தது. அதனால் பையின் பின்பக்க அறையில், பில்லோடும் வாரண்டி அட்டையோடும் சேர்த்து வைத்திருக்கிறேன். உன் ரயில் ஹௌராவை விட்டுக் கிளம்பிய பிறகு, பின்பக்க அறையைப் பார் என்று ஃபோனில் சொல்வேன். எனக்கு இருக்கிற தைரியம் அவ்வளவுதான். ஒரே வீட்டில், நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ அந்தப் பக்கம் துணிகளை மடித்துக்கொண்டே பாடுவது கேட்கிறது. எழுந்து வந்து சொல்ல நான்கு அடிதான். வரவில்லை. பையின் அதே அறையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் இருக்கும். இதைப் படித்து முடிக்கும்வரை அதைத் திறக்க வேண்டாம்.

பெங்களூரில் வேலை கிடைத்த செய்தி வந்த அன்று மத்தியானம் சாப்பிடும்போது நீ கேட்டாய். "அப்பா, ஆபீஸ்ல மெஷின் தருவாங்க. ஆனா என் சொந்த வேலைக்கு ஒண்ணு வேணும். கேம் நல்லா ஓடணும், த்ரீ-டி வேலையும் பண்ணணும். ரொம்ப ஒசத்தியா வேணாம், நடுத்தரமாப் போதும். நீங்களே பாத்து சொல்லுங்க." உன் அம்மா சாதத்தைப் போட்டுக்கொண்டே, "இவரையா கேக்கறே? ஒரு குடை வாங்க மூணு கடை ஏறி இறங்கினார். வாங்கிட்டு வரும்போது மழைக்காலமே முடிஞ்சு போச்சு" என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஆனால் என் கை தட்டிலேயே நின்றுவிட்டதை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு மெதுவாக, "இல்லம்மா. அப்பா பாத்தாத்தான் சரியா இருக்கும்" என்றாய். என்னைவிட ஆயிரம் மடங்கு உனக்கு இந்த விஷயம் தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்டாய். ஏன் கேட்டாய் என்று இரண்டு மாதமாக யோசிக்கிறேன்.

இந்த வீட்டுக்கு நான் ஏற்கெனவே ஒரு லேப்டாப் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உன் அண்ணன் ரகுவுக்கு. அவன் போய் ஐந்து வருடம் ஆகிறது, அந்த லேப்டாப்பைப் பற்றி நாம் மூவரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் முப்பத்தாறு வருடம் ஒரு அரசு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன். என்ன தேவை என்பதை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்க வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு குணத்துக்கும் கோடு போட்ட ஒரு பத்தி, ஆபீஸில் அதைக் காலம் என்போம், ஒவ்வொரு காலத்துக்கும் மதிப்பெண். கூட்டினால் விடை வரும். அந்த விடைக்கு நான் பொறுப்பில்லை, பட்டியல்தான் பொறுப்பு. பயந்த மனிதனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. மேஜை, பம்பு, தட்டச்சு இயந்திரம், பிறகு கம்ப்யூட்டர்கள் என்று எதை வாங்கினாலும் என் கோப்பில் தணிக்கைக்காரர்கள் ஒரு கேள்விகூட எழுதியதில்லை. அந்த முறையை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

ரகு அனிமேஷன் படிப்பில் சேர்ந்ததும் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். முதல் வரியிலேயே 'தனி கிராஃபிக்ஸ் கார்டு' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவனைக் கேட்டிருக்கலாம். இருபது வயதுப் பையனிடம் எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கடையில் விசாரித்தால், அந்த வகை லேப்டாப்பைக் காட்டி, "இது கேமிங் மாடல்" என்றார்கள். தடிமனாக, கனமாக, கீபோர்டில் சிவப்பு விளக்கோடு இருந்தது. படிக்கிற பையனுக்கு விளையாட்டு மெஷினா என்று தோன்றியது. பட்டியலில் எடை போட்டேன், பேட்டரி நேரம் போட்டேன், சேமிப்பு இடம், தோற்றம், சர்வீஸ் சென்டர் டாலிகஞ்சில் நம் வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்பதுகூடப் போட்டேன். எனக்குப் புரியாத காலத்தை மட்டும் எடுத்துவிட்டேன். கூட்டிப் பார்த்தபோது மெலிதான, வெள்ளி நிறத்தில் ஒன்று முதலில் வந்தது. பெட்டியைத் திறந்த ரகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அழகா இருக்குப்பா" என்றான். "நீ எழுதினது எல்லாம் இருக்கில்ல?" என்று கேட்டேன். "பரவாயில்லப்பா, சமாளிச்சுக்கலாம்" என்றான். அந்தப் 'பரவாயில்ல' எனக்கு அப்போது காதில் விழவில்லை. இப்போது தினமும் விழுகிறது.

அந்தத் தனி கார்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீதான் இரண்டு மாதத்துக்கு முன், உன் புது மெஷினைப் பற்றிப் பேசும்போது, எனக்குப் புரியும்படி சொன்னாய். செய்கிற படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் மெஷின் வெளிச்சம் நிழலோடு வரைந்து முடிக்க வேண்டும், அதற்குப் பெயர் ரெண்டர், அந்தக் கார்டு இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிவது அது இல்லாமல் நாள் கணக்கில் ஓடும் என்றாய். அந்த நாளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் அறையில் அந்த ஃபேன் சத்தம் மட்டும்தான். ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அவன் காலேஜ் போயிருந்தபோது, ஆளில்லாத அறையில் ஏன் ஓடுகிறது என்று சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, லேப்டாப்பின் பட்டனையும் அழுத்தி நிறுத்திவிட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். அது முப்பது மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த வேலை. மறுநாள் காலை அவன் அதை ஒப்படைத்திருக்க வேண்டும். வந்து பார்த்தவன் கத்தவில்லை. உன்னிடம்தான் சொல்லியிருக்கிறான். நீ வந்து, "அப்பா, தாதா அழறான்" என்றாய். இந்த ஊர் வங்காளிப் பிள்ளைகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நீ அவனை தாதா என்றே கூப்பிடுவாய். சென்னை உறவுக்காரர்கள், "உங்க வீட்டுல ஒரு ரவுடி இருக்கானாமே" என்று கேலி செய்வார்கள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். காலை பத்தரை இருக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டே, "அப்பா, ரெண்டர் ஓடுது. ஆஃப் பண்ணாதீங்க. சாயந்திரம் வந்து பாக்கறேன்" என்றான். "எங்க கிளம்பிட்டே?" என்றேன். "பவானிபூர்ல ஃப்ரெண்ட் வீட்டுக்கு. இது முடியறதுக்கு சாயந்திரம் ஆயிடும். இங்க உக்காந்து என்ன பண்ணறது?" என்று பைக் சாவியை எடுத்தான். படியிறங்கும்போது திரும்பி, "சத்தியமா ஆஃப் பண்ணக்கூடாது" என்றான். "சரிடா, தொடமாட்டேன்" என்றேன். இரண்டு மணிக்கு ஃபோன் வந்தது. பஸ் ஒன்று திரும்பியபோது நடந்தது என்றார்கள். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குப் பதினேழு வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து நாம் திரும்பி வந்தபோது வீடு நிறைய மனிதர்கள். அத்தனை பேச்சுக்கும் அழுகைக்கும் நடுவில் அவன் அறையிலிருந்து அந்த ஃபேன் சத்தம் எனக்குக் கேட்டது. போய்ப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது, ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. கையை நீட்டினேன். தொடமாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

வித்யா, நான் அதை ஐந்து வருடம் அணைக்கவில்லை. அப்பாவுக்கு மனசு வரவில்லை, அதனால் அந்த அறையை அப்படியே விட்டிருக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். நான் அப்படியே விடவில்லை. வேலை பார்த்தேன். காலையும் மாலையும் போய், அடிப்பக்கம் எவ்வளவு சுடுகிறது என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து ஒரு நோட்டில் குறித்தேன். விளக்கு எரிகிறதா, ஃபேன் ஓடுகிறதா, பிளக் தளர்ந்திருக்கிறதா என்று காலம் போட்டு எழுதினேன். வெயில் காலத்துக்கு என்று சொல்லி இன்வர்ட்டர் வாங்கினேனே, அது நமக்காக இல்லை. மின்சாரம் போனால் அது நின்றுவிடக்கூடாது. உன் சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் வராமல் இருந்ததற்கு என் முழங்கால் காரணம் இல்லை. திரையைத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்கும். எனக்குத் தெரியாது. அந்தக் கதவுக்குப் பின்னால் அவன் விட்ட வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் திறந்து வைத்ததெல்லாம் திறந்தபடியே இருக்கிறது என்று நம்பினேன். சில மத்தியானங்களில் அந்த ஃபேன் யாரும் தொடாமலே திடீரென்று வேகமாகச் சுற்றும். உள்ளே ஒருவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி. பத்து நிமிடம் ஓடும், அடங்கும். ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டு உன் அம்மா ஒரு டம்ளர் காபியோடு அறைக்குள் போய், மேஜையில் வைத்துவிட்டாள். சற்று நேரம் நின்றாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து தானே குடித்தாள்.

எனக்குள் ஒரு சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. புரியாத காலத்தை நான் எடுத்தேன். அதனால் தவறான மெஷின் வந்தது. அதனால் ஒரு மணி நேர வேலை நாள் முழுவதும் ஓடியது. அதனால் அவனுக்கு அன்று உட்கார்ந்திருக்கக் காரணம் இல்லை. அதனால் பைக் சாவியை எடுத்தான். எங்கேயாவது இந்தச் சங்கிலி அறுந்துபோகிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் என் பட்டியலில் வந்து நின்றேன். சரியாகக் கூட்டிய பட்டியல் அது. கீழே என் கையெழுத்துகூட இருக்கிறது.

இனி, நான் உனக்குச் செய்ததைச் சொல்கிறேன். அப்போது நீ காலேஜில் இரண்டாம் வருடம். அண்ணன் படித்த அனிமேஷனையே நீயும் படிப்பேன் என்றபோது தடுக்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கு மெஷின் இல்லை. அந்த நேரத்தில் என் ஓய்வூதியத்தில் புதிதாக வாங்க முடியவில்லை என்று நீயே எனக்காகக் காரணமும் சொல்லிக்கொண்டாய். ஒரு மாலை வந்து நின்று, "அப்பா, தாதாவோட மெஷின் சும்மாத்தானே இருக்கு. ரேம் மட்டும் கூட்டிக்கிட்டா எனக்கு இப்போதைக்குப் போதும்" என்றாய். நான், "சும்மா இல்ல. ரெண்டர் ஓடுது" என்றேன். நீ என்னையே பார்த்தாய். "இன்னுமா?" என்றாய். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு நீ கேட்கவில்லை. தினமும் மெட்ரோ ஏறிச் சிநேகிதி வீட்டுக்குப் போய், அவள் படுத்துத் தூங்குகிற நேரமாகப் பார்த்து அவள் மெஷினில் உன் வேலையைச் செய்தாய். காலேஜ் லேபில் இடம் பிடிக்கக் காலையில் சாப்பிடாமல் ஓடினாய். நீ உயிரோடு என் முன்னால் நின்று கேட்டாய். நானோ இல்லாமல் போனவனுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்கே ஒப்பவில்லை. அதனால் சொல்லவில்லை.

இந்த முறை நீ கேட்டபோது பழையபடி பட்டியல் போட்டேன். என்னால் வேறு எப்படியும் யோசிக்க முடியாது. ஆனால் புரியாத காலத்தை எடுக்கவில்லை. உன்னிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனி மெமரின்னா என்னம்மா?" என்று கேட்டதும் நீ போட்டிருந்த படத்தையே நிறுத்திவிட்டாய். "அப்பா, நீங்க சமையல் பண்ணும்போது எல்லாத்தையும் ஒரே மேடையில வெச்சுக்க இடம் இருந்தா வேகமா நடக்கும் இல்ல? இடம் பத்தாம ஸ்டோர் ரூமுக்கு ஓடிக்கிட்டே இருந்தா?" என்றாய். "நான் எங்கம்மா சமையல் பண்ணேன்?" என்றேன். "அதான் புரியலை" என்றாள் உன் அம்மா உள்ளிருந்து. அன்று மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிந்த கையோடு பக்கத்து அறையில் ஃபேன் வேகமெடுத்தது. நீ எழுந்து போய்விட்டாய்.

சாந்தினி மார்க்கெட்டில் ஒரு சந்துக்குள் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மலய் பாபுவிடம் யோசனை கேட்கப் போனேன். என் வயதுதான் இருக்கும், முன்பு டிவி ரிப்பேர் செய்தவர். விற்பனைக்கு அவரிடம் எதுவும் இல்லை என்பதால் அவர் சொல்வதை நம்பலாம் என்று ஒரு கணக்கு. அவரைவிட நான் மூத்தவன் இல்லை என்றாலும் என்னை மேஷோமஷாய், அதாவது பெரியப்பா, என்றே கூப்பிடுவார், இந்த ஊர் மரியாதைப்படி. அவர் வங்காளத்தில் சொன்னதை நம் மொழியில் எழுதுகிறேன். என் பட்டியலை மேலிருந்து கீழே படித்துவிட்டு, "இதுல ரெண்டு மெஷினுக்கு ஒரே மார்க் போட்டிருக்கீங்களே, ஏன்?" என்றார். "ரெண்டுலயும் அதே கார்டுதானே?" என்றேன். "பேரு ஒண்ணுதான். மெலிசான இந்த மெஷின் அந்தக் கார்டுக்குப் பாதி கரண்டுதான் கொடுக்கும். சூடு தாங்காது. ஒரே ஆளு, ஒரு வீட்டுல வயிறாரச் சாப்பாடு, இன்னொரு வீட்டுல அரை வயிறு. வேலை ஒரே மாதிரி நடக்குமா?" என்றார். இத்தனைக்குப் பிறகும் என் கை மறுபடி மெலிதானதன் பக்கமே போயிருந்தது.

கிளம்பும்போதுதான் ஒரு சின்னச் சந்தேகமாகக் கேட்டேன். புது லேப்டாப்புக்குப் பை தேர்ந்தெடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அன்று காலை ரகுவுடையதை ஸ்கேல் வைத்து அளந்திருந்தேன். அதன் விவரத்தாளில் போட்டிருந்த தடிமனைவிடக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அதிகம் வந்தது. என் அளவு தவறாக இருக்கும் என்று மூன்று முறை அளந்தேன். "ரொம்ப நாள் ஆனா மெஷின் தடிச்சுப் போகுமா?" என்றேன். மலய் பாபு வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார்.

"சார்ஜ்லயே இருக்கா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வருஷமா."

"மேஷோமஷாய், பேட்டரி உப்பியிருக்கு. எப்ப வேணா தீப்பிடிக்கும். அது பக்கத்துல யாரு படுக்கறாங்க?"

"யாரும் இல்ல. பக்கத்து ரூம்ல என் பொண்ணு. சுவரை ஒட்டித்தான் கட்டில்."

"இப்பவே வீட்டுக்குப் போங்க. பிளக்கை எடுங்க, பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. அமுக்காதீங்க, மறுபடி சார்ஜ் போடாதீங்க. நாளைக்கு இங்க கொண்டாங்க."

"அதுல ஒரு வேலை ஓடிக்கிட்டிருக்கு" என்றேன். யாருடைய வேலை என்பதையும் சொன்னேன். வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சிரிக்கவில்லை. "திரையைத் தட்டினா பாஸ்வேர்டு கேக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்டேட் வந்தா அதுவே அணைஞ்சு அதுவே திறந்துக்கும். நீங்க கேக்கற ஃபேன் சத்தமும் அந்த மாதிரி ஏதாவதுதான். அஞ்சு வருஷத்துல எத்தனையோ தடவை நடந்திருக்கும். நீங்க அணைக்கல, சரி. அது தானாவே அணைஞ்சுதான் திரும்ப வந்திருக்கு." கடையில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

மெட்ரோவில் வரும்போது உன் கட்டிலைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் இல்லை. வீட்டுக்கு வந்தேன். நீ வெளியே போயிருந்தாய். பிளக்கை எடுத்துவிட்டேன். பட்டனில் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன் அம்மா வந்து வாசலில் நின்றாள்.

"அணைக்கணுமாம்" என்றேன்.

"அணைங்க."

"ஆஃப் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

"சாயந்திரம் வந்து பாக்கறேன்னும்தான் சொல்லிட்டுப் போனான்" என்றாள்.

பிறகு உள்ளே வந்து, என் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். விளக்கு அணைந்தது. அப்புறமும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. லிஃப்ட் மோட்டாரோ, கீழ்வீட்டு ஃபிரிட்ஜோ. இன்றும் கேட்கிறது. நோட்டில் அன்றைய வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தேதியை மட்டும் போட்டு வைத்தேன்.

மறுநாள் அதை மணல் போட்ட ஒரு வாளியில் வைத்துத் துண்டால் மூடி, டாக்சியில் எடுத்துப் போனேன். டிரைவர் மீன் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினார். மலய் பாபு அடிப்பக்கத்தைத் திறந்தார். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. அதை வெளியே மணலில் போட்டுவிட்டு, டிஸ்க்கை மட்டும் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். அதைப் படிக்கப் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. "என்ன பாக்கணும்?" என்றார். "எதையும் திறக்காதீங்க. அந்தக் கடைசி வேலை முடிஞ்சுதா இல்லையா, அது மட்டும் போதும்" என்றேன். அவர் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"முடிஞ்சிருக்கு. அதே தேதி. பகல் பன்னெண்டு அஞ்சு."

சாயந்திரம் ஆகும் என்று ரகு நினைத்த வேலை. ஃபோன் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட்டது. நாம் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், சாம்பலைக் கொண்டுபோய்க் கங்கையில் விட்டபோதும், நீ வந்து கேட்டு நான் இல்லை என்றபோதும், அது முடிந்துதான் இருந்தது. இதனால் என் சங்கிலி அறுந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. சரியான மெஷின் இருந்திருந்தால் அவன் கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்கும். அப்போதும் போயிருப்பானோ என்னவோ. சனிக்கிழமை, மப்பும் மந்தாரமுமாக இருந்தது, சிநேகிதன் கூப்பிட்டிருந்தான். இந்தக் காலத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று இனி நான் கண்டுபிடிக்கப் போவதில்லை. "ரெண்டு நிமிஷப் படம்தான். ஓட்டவா?" என்றார் மலய் பாபு. வேண்டாம் என்றேன். அதை முதலில் பார்க்க வேண்டியவள் நீ.

அந்த டிஸ்க்தான் கறுப்புப் பெட்டியில் இருக்கிறது. மலய் பாபு அதை ஒரு உறையில் போட்டு, மாட்டுவதற்கு வயரும் தந்திருக்கிறார். திறப்பதும் திறக்காமல் வைப்பதும் உன் விருப்பம். எப்போது என்பதும் உன் விருப்பம். நான் கேட்கமாட்டேன். பார்த்தால், "பாத்துட்டேம்ப்பா" என்று மட்டும் ஒருநாள் சொல். அதில் என்ன இருந்தது என்று, உனக்குத் தோன்றினால் அம்மாவிடம் சொல். எனக்கு அவள் சொல்வாள்.

இந்தப் புது லேப்டாப்பைப் பற்றி. இது கொஞ்சம் தடிமன், கனமும் கூட. சார்ஜரே ஒரு செங்கல் மாதிரி இருக்கிறது. பேட்டரி மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பழைய பட்டியலாக இருந்தால் இது கடைசியில் வந்திருக்கும். கார்டுக்கு அதன் முழு மின்சாரத்தையும் கொடுக்கும் மாடல், அட்டைப்பெட்டியில் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டேன். ரேமுக்கு இன்னொரு இடம் காலியாக விட்டிருக்கிறது, பின்னால் கூட்டிக்கொள்ளலாம். விளையாட்டுக்கான மெஷின்களில் திரை வேகமாக இருந்தாலும் நிறம் வெளிறியிருக்கும் என்று நீ எச்சரித்தாய் இல்லையா, அதனால் அம்மாவின் அரக்குப் புடவையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போய், நான்கு மெஷினிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டில் அது செங்கல் நிறமாகிவிட்டது. இதில்தான் அரக்காகவே இருந்தது. கடைசியாக, ஃபேன் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். விற்பனைப் பெண், "எல்லாரும் பாட்டுச் சத்தம்தான் அங்கிள் கேப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு கேமை ஓடவிட்டாள். பெரிய சத்தம். நான் நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். இதைவிடச் சத்தம் குறைந்த மெஷின் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதிகச் சத்தத்தில்தான் சூடு வெளியே போகிறது என்று படித்திருந்தேன். இதையே எடுத்தேன். இது சத்தம் போடும். போடட்டும்.

எப்போதும் சார்ஜிலேயே வைத்திருக்காதே. மெத்தை மேல் வைக்காதே, அடியில் காற்றுப் போகாது. வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார். தடிமன் கூடினால் உடனே பேட்டரியை மாற்று. உனக்கு எது புரியவில்லையோ அதை யாரிடமாவது கேள். அவர்கள் உன்னைவிடச் சின்னவர்களாக இருந்தாலும் கேள்.

நீ கேட்டதற்குக் காரணம் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. என்னை நம்பிக் கேட்டாயா, நான் மறுபடி ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாயா? எதுவாக இருந்தாலும், நான் இல்லை என்று சொன்ன அந்த மாலைக்குப் பிறகு நீ என்னிடம் மறுபடி வந்து கேட்டாய் என்பதை நான் மறக்கவில்லை.

பாட்டு நின்றுவிட்டது. பெட்டியை மூடுகிற சத்தம் கேட்கிறது. நீ இப்போது இந்தப் பக்கம் வருவாய், நான் இதை மறைக்க வேண்டும். அதற்குள் ஒன்று. பெங்களூரில் இதில் உன் வேலை மணிக்கணக்கில் ஓடும் நாட்கள் வரும். அப்போது பக்கத்திலேயே காவல் உட்காராதே. வெளியே போ, சாப்பிடு, சிநேகிதர்களைப் பார். அது தானாக முடியும். நீ சாயந்திரம் வந்து பார்.

அப்பா